ஜீவமணியின் ஊசி அறை

முத்தையாபுரத்தில் திருச்செந்தூர் ரோட்டை ஒட்டி, உப்பு லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எடைமேடைக்கு எதிரே, டாக்டர் நேசக்குமாரின் கிளினிக் இருக்கிறது. பெரிய இடமில்லை. முன்னால் நோயாளிகள் உட்காரும் கூடம், பின்னால் டாக்டர் அறை, பக்கத்தில் ஊசி போடும் அறை, கடைசியில் ஒரு கழிப்பறை. இதில் டாக்டர் அறை மட்டும்தான் டாக்டருக்கு, மற்றதெல்லாம் ஜீவமணிக்கு என்று ஊரில் கேலியாகச் சொல்வார்கள்.

ஊசி அறையைப் பொறுத்தவரை அது கேலியில்லை. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஜீவமணி அங்கே தரை துடைக்கத்தான் வந்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். அப்போதிருந்த நர்ஸுக்குக் குவைத் விசா கிடைத்து ஒரே வாரத்தில் கிளம்பிவிட்டாள். புது நர்ஸ் வரும்வரை சமாளிக்கலாம் என்று டாக்டர் இவளுக்குச் சிரிஞ்சு பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். பத்து நாள் எலுமிச்சம்பழத்தில் குத்தினாள். பதினோராம் நாள் டாக்டருக்கே காய்ச்சல். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, "போடு ஜீவா. நான் செத்தா வேற டாக்டரப் பாத்துக்க" என்றார். அவள் போட்டாள். பஞ்சை வைத்துத் தேய்க்கும்போது டாக்டர் திரும்பிப் பார்த்து, "இன்னும் போடலயா?" என்று கேட்டார்.

புது நர்ஸ் வரவேயில்லை.

அதற்குப் பிறகு அவள் கற்றதெல்லாம் கண்ணால் கற்றது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுடைய காலில் வெடிப்பு எவ்வளவு ஆழம் போனால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், தூண்டில் முள் சதையில் இறங்கினால் எந்தப் பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும், பயந்த பிள்ளையிடம் எந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே ஊசியை இறக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள், லாரி கிளீனர்கள், திரேஸ்புரத்திலிருந்து ஊரையே கடந்து வரும், கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர்கள், எல்லோரும் "ஜீவாக்கா கைதான் வேணும்" என்பார்கள். அவளும் அதைக் காதில் விழாதது போலக் கேட்டுக்கொள்வாள்.

அந்த அறையில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று உண்டு. காயம் பட்டவர்களுக்கு ரண ஜன்னி வராமல் போடும் டி.டி. ஊசி மருந்து, இன்சுலின், வலித் தைலம் ஒரு புட்டி, டாக்டருடைய மோர் பாட்டில் எல்லாம் அதற்குள்தான். அதைத் திறந்து மூடுகிறவள் அவள் ஒருத்திதான். ஜீவமணியின் அப்பா பவுல் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் முப்பது வருஷம் கட்டி உடைத்தவர். ஐஸ் பட்ட பொருள் கெடாது, ஐஸ் படாத பொருள் நாறும் என்பது அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. ஆகவே தினமும் கிளினிக்கைச் சாத்துகிற நேரம் டி.டி. குப்பிகளைப் பெட்டியோடு எடுத்து ஃப்ரிட்ஜுக்குள்ளேயே மேலே உள்ள ஐஸ் அறைக்குள் வைப்பாள். காலையில் ஏழரைக்கு வந்ததும் முதல் வேலையாக வெளியே எடுத்து மேஜையில் வைப்பாள். எட்டு மணிக்கு டாக்டர் வருவதற்குள் இளகிவிடும், கீழ்த் தட்டில் வைத்துவிடுவாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

வெள்ளம் வந்த டிசம்பரில் மூன்று நாள் கரண்டு இல்லாதபோது, இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் மீன் பெட்டியில் நொறுக்கிய ஐஸ் வாங்கி வந்து, மருந்துகளை அதற்குள் புதைத்து வைத்தாள். "ஜீவா இல்லன்னா அவ்வளவு மருந்தும் போயிருக்கும்" என்று டாக்டர் ஒரு மாதம் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் ஜான்ஹவி வந்தாள்.

சின்ன கிளினிக்குகளும் அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும், அதிகாரிகள் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் சான்று கொடுப்பார்கள் என்று காகிதம் வந்திருந்தது. டாக்டருக்கு அறுபத்தெட்டு வயது. காகிதத்தைப் படித்ததும் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. நாசரேத்தில் அவரோடு படித்த நண்பர் ஒருவர் சொல்லி, இரண்டு மாதத்துக்கு இந்தப் பெண்ணை வேலைக்கு வைத்தார். ஆழ்வார்திருநகரியில் பள்ளிக்கூட வாத்தியார் மகள். நர்சிங் பட்டம் படித்து, மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தரம் பார்க்கும் பிரிவில் மூன்று வருஷம் இருந்தவள். அப்பாவுக்கு உடம்பு முடியாததால் ஊரோடு வந்துவிட்டவள்.

முதல் நாளே டாக்டர், "ஜான்ஹவி, நின்னுக்கிட்டே பேசாதம்மா" என்று தன் அறையிலிருந்த இரண்டாவது நாற்காலியைக் காட்டினார். ஜீவமணி வாசலில் டீ டம்ளரோடு நின்றாள். இருபத்தாறு வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொல்லவில்லையே என்று அதுவரை தோன்றியதும் இல்லை.

ஜான்ஹவி ஒரு பட்டியல் போட்டாள். நாற்பத்தோரு வரி. குப்பைக்கு மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை என்று நாலு தொட்டி வந்தது. போட்ட ஊசிக்கு மூடி மாட்டக் கூடாது என்றாள். கை கழுவும் தொட்டிக்கு மேலே கை கழுவுவது எப்படி என்று ஆறு படம் ஒட்டினாள்.

"அக்கா, கட்டை விரலைத் தனியா தேய்க்கணும். எல்லாரும் அதை விட்டுடுவாங்க" என்றாள்.

"எனக்குக் கட்டை விரல் இருக்கிறது இப்பத்தான் தெரியும்" என்றாள் ஜீவமணி.

ஜான்ஹவி விழுந்து விழுந்து சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் ஜீவமணிக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

அவள் எதிர்பார்த்தது ஒன்றும் நடக்கவில்லை. மீன் வாடையோடு ஆட்கள் வந்தால் மூக்கைப் பொத்துவாள் என்று பார்த்தாள். பொத்தவில்லை. புழு வைத்த புண்ணைக் கண்டால் ஓடுவாள் என்று பார்த்தாள். நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்து சுத்தம் செய்தாள். டாக்டர் மத்தியானம் சர்க்கரை மாத்திரை போட மறந்தால், "சார், மாத்திரை" என்று நினைவூட்டினாள். அது ஜீவமணி செய்துவந்த வேலை. ஒரு நாள் டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே, "இந்த டோஸ் சரிதானே ஜான்ஹவி?" என்று கேட்டார். ஜீவமணி பக்கத்து அறையில் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள். உருட்டிய பஞ்சு முழுவதையும் திரும்பப் பிரித்துப் போட்டாள்.

வீட்டில் அவள் கணவன் அற்புதமணிக்கு இந்தக் கதையைக் கேட்பது பழகிவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"ஏளா, மொகம் ஏன் இப்படி இருக்கு? அந்தப் புள்ள இன்னைக்கு என்ன செஞ்சா?"

"சிரிக்கா."

"சிரிச்சா ஒரு குத்தமா?"

"எல்லார்கிட்டயும் சிரிக்கா."

"ஒன்கிட்டயுமா?"

"என்கிட்டத்தான் ரொம்பச் சிரிக்கா."

"அப்ப போலீஸ்ல சொல்லிருவோம்" என்றார் அற்புதமணி. அன்றைக்கு அவருக்குக் குழம்பில் மீன் துண்டு விழவில்லை.

ஃப்ரிட்ஜில் கை வைத்ததுதான் ஜீவமணிக்குப் பொறுக்கவில்லை. ஜான்ஹவி மோர் பாட்டிலையும் தைலத்தையும் வெளியே எடுத்துவிட்டாள். டி.டி. குப்பிகளை நடுத் தட்டில் வைத்து, பக்கத்தில் சின்னதாக ஒரு வெப்பமானியை வைத்தாள். "ரெண்டுல இருந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்கணும் அக்கா. ரொம்பக் குளிரவும் கூடாது" என்றாள். காலை ஒன்பதுக்கு ஒரு தடவை, மாலை ஐந்துக்கு ஒரு தடவை அவளே பார்த்து ஒரு நோட்டில் எழுதினாள். நாலு, நாலு, ஐந்து, நாலு என்று முத்துக் கோத்த மாதிரி எழுத்து.

குளிரக் கூடாதாம். ஆழ்வார்திருநகரியில் ஐஸ் கம்பெனி உண்டா, மீன் உண்டா? இவளுக்கு என்ன தெரியும்? நடுத் தட்டில் மருந்து வெதுவெதுத்துப் போகும். அதிகாரி வந்து குப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன இது, குளிர்ச்சியே இல்லை" என்று கேட்கும்போது இவள் முகம் என்னவாகும் என்று ஜீவமணி நினைத்துப் பார்த்தாள். நினைக்க நன்றாக இருந்தது. ஆனால் அதுவரை மருந்து கெடாமல் இருக்க வேண்டுமே. ஆகவே ராத்திரி சாத்தும்போது வழக்கம்போலக் குப்பிப் பெட்டியை ஐஸ் அறைக்குள் வைத்தாள். வெப்பமானியை மட்டும் நடுத் தட்டிலேயே விட்டாள். காலையில் ஏழரைக்கு வெளியே எடுத்து இளகவிட்டு, இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தாள். இது பத்தொன்பது நாள் நடந்தது.

அந்தப் பட்டியலை அவள் ஒரு நாள் தனியாக நின்று படித்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள் என்றாலும் ஒரு வரி விடமாட்டாள். பதினேழாவது வரியில், 'ஊசி போடுபவர் பதிவு பெற்ற செவிலியராக இருக்க வேண்டும்' என்று இருந்தது. எதிரே கட்டத்தில் ஜான்ஹவி பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். பேனாவால் போடாமல் பென்சிலால் போட்டிருந்ததுதான் ஜீவமணியை அதிகம் சுட்டது. தன்மேல் இரக்கப்பட்டிருக்கிறாள். டாக்டர் இதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கண்ணைப் பார்க்காமல், "ஜீவா, அந்த நூறு பக்க நோட்டு எங்க?" என்று எதையாவது கேட்டுக்கொண்டு போனார்.

அந்த வாரத்தில் உப்பளத்தில் வேலை செய்யும் முத்துச்செல்வி உள்ளங்காலில் கண்ணாடி கிழித்து வந்தாள். பத்து வருஷமாக வருகிறவள். ஜீவமணி சிரிஞ்சை எடுத்தபோது அவள் எட்டிப் பார்த்து, "யக்கா, அந்தப் புள்ள ஊசி போடாதா? நர்சுக்குப் படிச்சிருக்குல்லா" என்று கேட்டாள்.

"ஏன், என் கைக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. சும்மா கேட்டேன். கோவிச்சுக்கிடாதிய."

ஜீவமணி போட்டாள். முத்துச்செல்வி "ஸ்" என்றாள். பத்து வருஷத்தில் முதல் தடவை.

அதிகாரி வருவதற்கு முந்தின நாளைக்கும் முந்தின நாள் சாத்தும் நேரத்தில், ஜீவமணி ஐஸ் அறையைத் திறந்தால், உள்ளே ஏற்கெனவே ஒரு குப்பி கிடந்தது. கழுத்தில் சிவப்பு மையால் கோடு. ஜான்ஹவி வைத்திருக்கிறாள். ஜீவமணி கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். இத்தனை நாள் கூடாது கூடாது என்று சொல்லிவிட்டு, இப்போது ரகசியமாக ஒன்றை வைத்துப் பார்க்கிறாள்! நாளைக்கு டாக்டரிடம் இதைத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லுவாள். "கள்ளி" என்று சொல்லிக்கொண்டு, அந்தக் குப்பிக்குப் பக்கத்திலேயே தன் பெட்டியை நெருக்கி வைத்துச் சாத்தினாள்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, நோயாளிகள் போன பிறகு, ஜான்ஹவி டாக்டரையும் ஜீவமணியையும் ஊசி அறையில் நிற்கச் சொன்னாள். மேஜையில் இரண்டு குப்பிகள். ஒன்றில் சிவப்புக் கோடு, மற்றது பெட்டியிலிருந்து எடுத்தது.

"நாளைக்கு அதிகாரி இதைக் கேட்டாலும் கேட்பாங்க சார். டி.டி. மருந்து உறைஞ்சா வீணாயிடும். அப்புறம் இளகினாலும் அதுல சத்து இருக்காது. கண்ணால பார்த்தா மனசுல நிக்கும்னு ஒண்ணை வேணும்னே உறைய வெச்சு எடுத்திருக்கேன். ரெண்டையும் குலுக்கி வைப்போம். நல்ல மருந்து பால் மாதிரி கலங்கலாவே நிக்கும். உறைஞ்சு கெட்டது சீக்கிரம் அடியில படிஞ்சு, மேல தண்ணி மாதிரி தெளிஞ்சிடும்."

குலுக்கினாள். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தினாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே எடைமேடையில் ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்தான்.

கால் மணி நேரத்தில் சிவப்புக் கோடு போட்ட குப்பி தெளிய ஆரம்பித்தது. மற்றதும் தெளிந்தது. இரண்டிலும் அடியில் வெள்ளையாகப் படிவு, மேலே தெளிந்த தண்ணீர். எது எது என்று சொல்ல முடியவில்லை.

ஜான்ஹவி பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துக் குலுக்கினாள். அதுவும் அப்படித்தான். நாலாவதும் அப்படித்தான். அவள் காது மடல் சிவந்தது.

ஜீவமணிக்குள் முதலில் எழுந்தது சந்தோஷம். டாக்டர் முன்னால், இவள் சொன்ன பாடம் பொய்த்தது! படித்த படிப்பும் மதுரை ஆஸ்பத்திரியும் மேஜையில் கிடந்தன. சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பை வாயருகே கொண்டுபோனாள். கொண்டுபோன கை பாதியில் நின்றது. உறைஞ்சா வீணாயிடும் என்று இவள் சொன்னாள். பெட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொன்றும் அப்படியே படிகிறது. அந்தப் பெட்டி ராத்திரி எங்கே இருந்தது என்று இந்த அறையில் தெரிந்தவள் அவள் ஒருத்தி.

"என்னம்மா இது?" டாக்டரின் குரல் உயர்ந்தது. "நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷனை வெச்சுக்கிட்டு இன்னைக்கு மருந்து முழுக்கக் கெட்டுப்போச்சுங்கிறியா?"

"ஃப்ரிட்ஜ் சரியா இருக்கு சார். நோட்டுல பாருங்க, ஒரு நாள்கூட ரெண்டுக்குக் கீழே போகல. அப்ப வரும்போதே கெட்டு வந்திருக்கணும். பெட்டி வந்தன்னைக்கு நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அன்னைக்கே ஒண்ணைக் குலுக்கிப் பார்த்திருக்கணும், பார்க்கல. என் தப்பு சார். ஃப்ரிட்ஜ் என் பொறுப்பு."

"சரி, தூரப் போடு. சாயங்காலத்துக்குள்ள புதுசு வாங்கி வை."

"இதுல போட்டவங்களைத் திரும்பக் கூப்பிடணும் சார். காயத்தோட வந்தவங்க."

"யாரைக் கூப்பிடுவே? நோட்டுல பேரு மட்டும்தான் இருக்கு. முத்துச்செல்வின்னு இருக்கும். இந்த ஊர்ல எத்தனை முத்துச்செல்வி! எல்லாரும் சின்ன வயசுல போட்டிருப்பாங்க, ஒண்ணும் ஆகாது." டாக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நாளைக்குக் கழியட்டும். அதுக்கப்புறம் நீ வேற இடம் பாத்துக்கம்மா. எனக்கு இது தாங்காது."

அவர் போய்விட்டார். இத்தனை நாளாக ஜீவமணி ராத்திரி ஜெபத்தில் கேட்டது இதுதான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பெண் போய்விடுவாள். பதினேழாவது வரியைக் கேட்க ஆளிருக்காது. நாற்காலி காலியாகும்.

அவள் டீ டம்ளர்களைக் கழுவப் போனாள். கழுவும்போது, கூப்பிடாமலே ஆட்கள் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். உள்ளங்காலில் கண்ணாடி முத்துச்செல்வி. கம்பி குத்திய லாரி கிளீனர். நாலு நாளைக்கு முன்னால் வந்த ரோச். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவன். துருப்பிடித்த நங்கூரத்தின் பல் குதிகாலில் ஏறி, துணி சுற்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தான். பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லையாலே என்று கேட்டதற்கு, "ஒங்க கையில போட்டாத்தான் எனக்கு ஊசி போட்ட மாதிரி இருக்கும்க்கா" என்றான். சின்ன வயசில் அவன் ஊசியே போட்டதில்லை. அவன் அம்மா பயந்து ஒளித்து வைத்துவிடுவாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் வந்த ஒரு ஆளை ஜீவமணி வேலைக்கு வந்த புதிதில் பார்த்திருக்கிறாள். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிய ஆள் திரும்பி வரவில்லை.

அப்போதும் அவள் பேசியிருப்பாளா என்பது சந்தேகம்தான். டம்ளர்களைத் துடைத்துக்கொண்டு ஊசி அறைக்குத் திரும்பினாள். ஜான்ஹவி நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு புது நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஜீவமணி தோளுக்கு மேலாக எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'நடந்த தவறு: டி.டி. மருந்து உறைந்து கெட்டது. பொறுப்பாளர்: ஜான்ஹவி.' அடியில் கையெழுத்து. அதே முத்துக் கோத்த எழுத்து. ஒரு கோணல் இல்லை.

அழுதுகொண்டிருந்தால் ஜீவமணி விட்டிருப்பாள். அவள் அழவில்லை. இருபத்தாறு வருஷம் ஜீவமணி திறந்து மூடிய ஃப்ரிட்ஜ். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து காப்பாற்றிய ஃப்ரிட்ஜ். அதில் நடந்த தவறுக்குக்கூட இவள் சொந்தக்காரியாகிவிட்டாள். சிரிப்பை எடுத்தாள், மாத்திரையை எடுத்தாள், நாற்காலியை எடுத்தாள், கடைசியில் குற்றத்தையும் எடுத்துக்கொண்டு நல்ல பெயரோடு போகப் பார்க்கிறாள்.

"அதை அடி" என்றாள் ஜீவமணி.

"என்னக்கா?"

"ஒன் பேரை அடி. ஒன் ஃப்ரிட்ஜா இது? நீ வந்து ரெண்டு மாசம் ஆகல. நான்தான் ராத்திரி ராத்திரி ஐஸ்ல வெச்சேன். நீ நடுத் தட்டுல வெச்சதை எடுத்து உள்ள வெச்சேன். காலைல நீ வாரதுக்குள்ள எடுத்து வெளிய வெச்சேன். எழுது. என் பேரைப் போடு. ஜீவமணின்னு போடு."

ஜான்ஹவி பேனாவைக் கீழே வைத்தாள். "ஏன்க்கா?" என்றாள். முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ஜீவமணிக்கு அது எந்தச் சுகத்தையும் கொடுக்கவில்லை.

"கெடாம இருக்கட்டும்னுதான். பெறவு, நீ மாட்டிக்கிடணும்னும்தான்."

சத்தம் கேட்டு டாக்டர் வாசலில் வந்து நின்றிருந்தார். "எத்தனை நாளா ஜீவா?" என்று கேட்டார்.

"இந்த ஃப்ரிட்ஜ் வாங்கின நாள்ல இருந்து அய்யா."

டாக்டர் நோயாளிகள் ஏறிப் படுக்கும் கட்டிலில் உட்கார்ந்தார். வெள்ளத்தில் காப்பாற்றிய மருந்தை நினைத்திருப்பார் போல. "நானும் ஒரு நாள் அந்தக் கதவைத் திறந்து பாத்ததில்லையே. மோரு மட்டும்தான் கேப்பேன்" என்றார். பிறகு ஜான்ஹவியைப் பார்த்து, "உங்க ரெண்டு பேர் பேரும் இருக்கட்டும்மா. என் பேரை முதல்ல எழுது" என்றார்.

"கூப்பிடலாமா சார்?" என்றாள் ஜான்ஹவி.

"பேரு மட்டும்தானே இருக்கு?"

"பேரு எதுக்கு?" என்றாள் ஜீவமணி.

அன்றைக்கு மூன்று மணியிலிருந்து இருட்டும்வரை அவள் சொல்லச் சொல்ல ஜான்ஹவி எழுதினாள், போன் செய்தாள். முதலில் இந்த ஒரு மாதத்தில் காயத்தோடு வந்தவர்கள், பழைய ஆட்களுக்கு அடுத்த வாரத்திலிருந்து. கோயில்பிள்ளை அளத்தில் உப்பு வாருகிற முத்துச்செல்வி, நம்பர் இல்லை, அளத்துக் கணக்கரிடம் சொன்னால் போதும். கிளீனர் பையன் இப்போது பெங்களூர் லோடில் இருப்பான், முதலாளிக்குச் சொல்லு. மொத்தம் பதினெட்டுப் பேர். ஒவ்வொரு ஆளுக்கும் எந்தக் கை, எந்தக் காயம் என்று ஜீவமணி சொல்லிக்கொண்டே போனாள். "எப்படிக்கா இதெல்லாம் ஞாபகம்?" என்று ஜான்ஹவி வியந்தாள். நிஜமாகவே வியந்தாள். இவளுக்கு ஆச்சரியப்படக்கூட இவ்வளவு அழகாகத் தெரிகிறதே என்று ஜீவமணி நினைத்தாள்.

ரோச்சின் போன் மட்டும் எடுபடவில்லை. கடலில் இருந்தான். ஜீவமணி அவன் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, "கரைக்கு வந்ததும் காலைல எட்டு மணிக்கு இங்கன நிக்கணும்னு சொல்லு. வரலன்னா நான் திரேஸ்புரத்துக்கே வந்து அவன் காதைத் திருகுவேன்னு சொல்லு" என்றாள்.

கிளம்பும்போது டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எதையோ தேடுகிறவர் போல மேஜையைத் தடவினார். "ஜீவா, நாளையில இருந்து இந்த ஊசி..."

"தெரியும் அய்யா. பதினேழாவது வரி."

"படிச்சிட்டியா?"

"படிச்சு ரொம்ப நாளாச்சு."

"உட்காரேன் ஜீவா" என்றார் டாக்டர். அவள் உட்காரவில்லை.

மறுநாள் காலையில் புது மருந்து நடுத் தட்டில் இருந்தது. எட்டரைக்கெல்லாம் கூடத்தில் பதினான்கு பேர் வந்துவிட்டார்கள். ஒன்பதேகாலுக்கு அதிகாரி வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, ஒல்லியான அம்மாள். வாசலிலேயே நின்று, "ஊசிக்கு எதுக்கு இத்தனை கூட்டம்?" என்றார்.

டாக்டருக்கு வியர்த்தது. ஜான்ஹவி தவறுகள் எழுதிய நோட்டை நீட்டினாள். அதிகாரி நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். மூன்று பெயர்களும் இருந்தன.

"இதுவரைக்கும் இங்க ஊசி போட்டது யாரு?"

டாக்டர் வாயெடுப்பதற்குள், "நான்தான்" என்றாள் ஜீவமணி. "இருபத்தாறு வருஷமா. சான்று இல்ல."

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டு, "இப்ப யாரு போடுறா?" என்றார்.

"நான் மேடம்" என்றாள் ஜான்ஹவி.

"போடுங்க. பார்க்கணும்."

ஜான்ஹவி கட்டை விரலைத் தனியாகத் தேய்த்துக் கை கழுவினாள். முதலில் முத்துச்செல்வி, பிறகு ஒரு மீன்காரம்மாள். மூன்றாவதாக ரோச், தலையில் உப்புத் தண்ணீர் காயாமல், குதிகாலை ஊன்றாமல் நொண்டிக்கொண்டு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்தவன் சிரிஞ்சு யார் கையில் இருக்கிறது என்று பார்த்தான். பிறகு ஜீவமணியைப் பார்த்தான்.

"யக்கா, நீங்க போடலயா?"

"இல்லலே. இந்தப் புள்ள போடும். கையத் தளர விடு."

"எனக்குப் பயமா இருக்கு."

"கடலுக்கடியில மூச்சப் பிடிச்சுக் கெடக்க, இதுக்குப் பயமா? அங்கன பாரு, அந்தக் காலண்டர்ல என்ன போட்டுருக்கு?"

ரோச் காலண்டரைப் பார்த்தான். ஜீவமணி அவன் தோளைப் பார்க்கவில்லை, ஜான்ஹவியின் விரலைப் பார்த்தாள். மருந்தை ஏற்றுவது, காற்றைத் தட்டி எடுப்பது, தோலைத் தொடுவது என்று ஒவ்வொன்றிலும் ஒரு பிசகு தேடினாள். கண்ணை எடுக்காமல் தேடினாள். ஊசி உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒரே வேகம். சிரிஞ்சு வெள்ளைத் தொட்டிக்குள் விழுந்தது.

ரோச் காலண்டரிலிருந்து தலையைத் திருப்பினான். "இன்னும் போடலயா?" என்று கேட்டான்.

ஜான்ஹவி சிரித்தாள். அதிகாரியும் லேசாகச் சிரித்தார். மூன்று மாதத்தில் மறுபடி வருவதாகவும், அதுவரைக்கும் தற்காலிக அனுமதி என்றும் டாக்டரிடம் சொல்லிக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தார்.

ரோச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஜீவமணியின் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "ஒங்க கைக்கு ஈடாகாதுக்கா" என்றான்.

"பொய் சொல்லாதலே" என்றாள் ஜீவமணி. அவன் தோளில் பஞ்சு வைத்த இடத்தை ஒரு தடவை பார்த்தாள். ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. கையிலிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்க்காமலே கூடத்துப் பக்கம் திரும்பி, அடுத்த ஆளை அவன் காயத்தைச் சொல்லிக் கூப்பிட்டாள்.